ரஞ்சிக் கோப்பையை எங்கள் பக்கமும் தேடுங்கள்

தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத் தலைவர் அவர்களுக்கு,

விழுப்புரம் மாவட்டம் அவலூர்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். பஜாரில் உரக்கடை வைத்திருக்கிறேன். தமிழ்நாடு ரஞ்சி அணிக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து ரசிகன். கடைக்கு வருகிறவர்கள் நான் ஸ்கோர் பார்ப்பதைக் கண்டால் சென்னை சூப்பர் கிங்ஸ் ஆட்டமா என்று கேட்பார்கள். இல்லை, ரஞ்சி என்றால் அதில் என்ன இருக்கிறது என்பதுபோல் பார்ப்பார்கள். அதில் என் ஊர்ப்பெயர் இருக்கிறது என்பதுதான் என் பதில். ஏலத்தில் எடுக்காத, காசு கொடுத்து வாங்க முடியாத அணி அது ஒன்றுதான்.

அந்த அணிக்கு 1988க்குப் பிறகு ரஞ்சிக் கோப்பை கிடைக்கவில்லை. அதற்காகத்தான் இந்த மடல். என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான்கு நாள் ஆட்டத்தை எங்கள் வட மாவட்டங்களுக்குக் கொண்டுவாருங்கள். செஞ்சி, திண்டிவனம், திருவண்ணாமலைப் பக்கத்தில் எங்காவது நல்ல டர்ஃப் மைதானம் ஒன்று போட்டு, அதில் ரஞ்சி ஆட்டம் ஒன்று நடத்துங்கள்.

இந்த அணியின் வயது உங்களுக்குத் தெரியும். ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டமே நம்முடையது. 1934 நவம்பர் 4, சேப்பாக்கம், மெட்ராஸும் மைசூரும். எம்.ஜே.கோபாலன் போட்ட பந்துதான் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்து. ஏ.ஜி.ராம்சிங் 11 விக்கெட் எடுக்க, மைசூர் 48க்கும் 59க்கும் சுருண்டு, ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது. இருபது வருஷம் கழித்து, 1954-55 இறுதி ஆட்டத்தில் ஹோல்கர் அணியை அவர்கள் ஊரான இந்தூரிலேயே 46 ரன்னில் வென்று முதல் கோப்பையைக் கொண்டுவந்தபோது பாலு அழகண்ணன் தலைவர். அந்த ஆட்டத்தில் 75, 91 என்று அடித்து ஏழு விக்கெட்டும் எடுத்தவர் கிருபால்சிங், ராம்சிங்கின் மகன். பஞ்சாபிலிருந்து வந்து சென்னையில் வேர்விட்ட சீக்கியக் குடும்பம் அது. மூன்றாம் தலைமுறையும் இந்த அணிக்காகவே ஆடியது. அதைக் கீழே சொல்கிறேன்.

நான் பார்த்த கோப்பை 1988. என் சித்தப்பா பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தார். இறுதி ஆட்டம் சேப்பாக்கத்தில், எதிரணி ரயில்வே. என்னை ஊரிலிருந்து வரவழைத்து அழைத்துப்போனார். அவரோடு வேலை பார்த்தவர்கள் சிலரும் வந்திருந்தார்கள். எந்தப் பக்கம் கை தட்டுவது என்று அவர்களுக்குள் பெரிய வாக்குவாதம். சித்தப்பா ஒரே வார்த்தையில் முடித்தார்: "சோறு போடுறது ரயில்வேதான்டா, ஊரு தமிழ்நாடு." ரயில்வே முதலில் 317. நம்மவர்கள் இறங்கி ஆடினார்கள், ஆடினார்கள், ஆடிக்கொண்டே இருந்தார்கள். 709! சாயங்காலம் கடல் காற்று வந்து சட்டையெல்லாம் காய்ந்தபிறகும் ரயில்வேக்காரர்கள் பந்து பொறுக்கிக்கொண்டிருந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அவர்களுடைய இரண்டாவது இன்னிங்ஸ் 248. இன்னிங்ஸ் மற்றும் 144 ரன் வெற்றி. வாசுதேவன் தலைமையில் கோப்பை வந்தது. ட்ரினிடாடிலிருந்து வந்து நம் ஊர்க்காரராகிவிட்ட ராபின்சிங்கும் அந்த அணியில்தான்.

அடுத்த பருவம் அதைவிடச் சுகம். இரானி கோப்பையில் வி.பி.சந்திரசேகர் 56 பந்தில் நூறு அடித்தார். முதல்தர ஆட்டத்தில் ஓர் இந்தியர் அடித்த அதிவேக சதம் அன்றைக்கு அதுதான். பிறகு கோவா ஆட்டம். எங்கள் ஊருக்குப் பேப்பர் கட்டு காலை முதல் பஸ்ஸில் வரும். டீக்கடையில் பேப்பரைப் பிரித்தால் தமிழ்நாடு 6 விக்கெட்டுக்கு 912 என்று போட்டிருந்தது. டீ ஆற்றிக்கொண்டிருந்த மாஸ்டர், அச்சுப் பிழையாக இருக்கும் தம்பி, ஒன்பதை எடுத்துவிட்டுப் படி என்றார். பிழையே இல்லை. டபிள்யூ.வி.ராமன் 313. அர்ஜன் கிருபால்சிங் ஆட்டமிழக்காமல் 302. ஒரே இன்னிங்ஸில் இருவர் முந்நூறு அடித்தது ரஞ்சியில் அதுவே முதல்முறை. ராம்சிங்கின் பேரன்தான் அந்த அர்ஜன். ராமன் அந்தப் பருவத்தில் மொத்தம் 1018 ரன் எடுத்து, 1944-45இல் ரூஸி மோடி வைத்த 1008 ரன் சாதனையைத் தாண்டினார்.

அந்த அணி இன்னும் பத்து கோப்பை கொண்டுவரும் என்று நம்பினேன். அதன்பின் ஆறு முறை இறுதிக்கு வந்தோம், ஆறும் தோல்வி. அதில் மூன்று நம் சேப்பாக்கத்திலேயே: 1995-96இல் கர்நாடகம், 2003-04இல் மும்பை, 2011-12இல் ராஜஸ்தான். மூன்றிலும் முதல் இன்னிங்ஸில் பின்தங்கியதால்தான் கோப்பை போனது. சொந்த மண்ணில், ஐந்து நாள் ஆட்டத்தில், எதிரணியை முதல் தடவை ஆட்டமிழக்கச் செய்ய நமக்கு ஆள் போதவில்லை என்பதை இந்த மூன்று ஆட்டங்களும் சொல்கின்றன.

2012 ஜனவரியில் அந்த ராஜஸ்தான் ஆட்டத்துக்குப் போயிருந்தேன். வினீத் சக்சேனா என்று ஒரு தொடக்க ஆட்டக்காரர். 665 பந்து ஆடி 257 ரன். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தை மட்டையை உயரத் தூக்கி விட்டுவிடுவார், விட்டபிறகு பிட்சில் இரண்டு எட்டு நடந்து தட்டிவிட்டு வருவார், மறுபடி அதே இடத்தில் கால் பதிப்பார். எங்கள் பந்துவீச்சாளர்கள் மூச்சு வாங்கினார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் எழுந்து போய்விட்டார். நான் போகவில்லை. அந்த மனிதர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவர் செய்ததுதான் ரஞ்சி ஆட்டம். ராஜஸ்தான் 621. முந்தைய பருவத்தில் பிளேட் என்ற கீழ்ப்பிரிவில் ஆடிக்கொண்டிருந்த அணி, தொடர்ந்து இரண்டாவது வருஷமாகக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது.

2014-15இல் மும்பை வான்கடேயில் கர்நாடகத்தோடு இறுதி. நாம் 134க்கு ஆட்டமிழந்தோம். கருண் நாயர் 328 அடித்தார். அதே கருண் நாயர் பத்து வருஷம் கழித்து விதர்பாவுக்கு மாறி, 2024-25 கால் இறுதியில் நாக்பூரில் நமக்கெதிராக 122 அடித்தார். 198 ரன்னில் தோற்றோம். அந்த வருஷம் கோப்பையும் விதர்பாவுக்கே. இடையில் 2024 மார்ச், மும்பை அரையிறுதி. கோயம்புத்தூரில் சௌராஷ்டிராவை இன்னிங்ஸ் வித்தியாசத்தில் வென்று, ஏழு வருஷத்துக்குப் பிறகு அரையிறுதிக்குப் போயிருந்தோம். நாம் எடுத்தது 146தான். ஆனாலும் நம் அணித்தலைவர் சாய் கிஷோர் சுழற்றிச் சுழற்றி மும்பையை 7 விக்கெட்டுக்கு 106 என்று நிறுத்திவைத்தார். கடையை மறந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து ஷர்துல் தாக்கூர் 109 அடித்துக் கதையை மாற்றினார். மும்பை 378. வாலை நறுக்க வேகமாகப் பந்து போடும் ஒரு ஆள் நமக்கு இருந்திருந்தால் என்று அன்று ராத்திரி முழுக்க அதே நினைப்பு. ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர், டாஸ் ஜெயித்து பேட்டிங் எடுத்த முடிவை ஊரறியக் குறை சொன்னார். தலைவர் அவர்களே, ஒன்பது ஆட்டம் அணியைத் தோளில் சுமந்த பையனை அப்படிப் பேசியதில் எனக்குச் சம்மதமில்லை. அந்தத் தோல்விக்குக் காரணம் அன்று காலை எடுத்த முடிவு அல்ல. பல வருஷமாகச் சுழற்பந்தை மட்டுமே நம்பி வருவதுதான் காரணம்.

வெங்கட்ராகவன், வி.வி.குமார் காலத்திலிருந்தே சுழல்தான் நம் பலம். அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் 1972-73 இறுதியை நினைத்துப் பாருங்கள். சேப்பாக்கத்தில் பந்து திரும்பும் பிட்சில் பம்பாயை 151க்கும் 113க்கும் ஆட்டமிழக்கச் செய்தோம். பதிலுக்கு அவர்களுடைய சுழற்பந்துக்காரர் ஷிவால்கர் நம்மை 80க்கும் 61க்கும் சுருட்டினார். மூன்றாம் நாள் முதல் பந்தில் ஆட்டம் முடிந்துபோனது. சுழல் பிட்ச் வெட்டினால் எதிரணியின் சுழலுக்கும் அதே பிட்ச்தான். எங்கே போனாலும் விக்கெட் எடுக்க வேகப்பந்து வேண்டும். எம்.ஆர்.எஃப். வேகப்பந்து மையம் 1987 முதல் சென்னையிலேயே இருக்கிறது. நாடெங்கும் இருந்து பையன்கள் வந்து கற்றுப்போகிறார்கள். நம் மாவட்டங்களில் அந்த உயரமும் தோளும் உள்ள பையன்கள் இல்லையா?

இருக்கிறார்கள் என்பதற்கு நடராஜன் சாட்சி. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்து ஆடிக்கொண்டிருந்தவர், 2015 ஜனவரியில் கொல்கத்தாவில் தமிழ்நாட்டுக்கு முதல் ஆட்டம் ஆடினார். பந்துவீச்சு முறையில் சந்தேகம் எழுப்பினார்கள். உடைந்துபோகாமல் முறையைத் திருத்திக்கொண்டு வந்து, 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு அறிமுகமானார். அப்படி ஒரு பையனைச் சின்னப்பம்பட்டி கொடுத்தது. இப்போது அதே ஊரில் அவர் மைதானம் கட்டி வைத்திருக்கிறார்.

எங்கள் ஊரில் வெயில் காலத்தில் ஏரி வற்றியதும் உள்ளேயே மூன்று நான்கு இடத்தில் ஸ்டம்ப் நட்டுவிடுவார்கள். மல்லாட்டை (வேர்க்கடலை) பிடுங்கிய கொல்லையிலும் ஆடுவார்கள். என் கடைக்கு மூட்டை தூக்க வரும் பையன் ஒருவன் இடதுகைக்காரன், நல்ல உயரம். டென்னிஸ் பந்தின் ஒரு பாதிக்கு மட்டும் இன்சுலேஷன் டேப்பை இழுத்து ஒட்டி, ஓரத்தை நகத்தால் நீவிவிட்டு, டேப் ஒட்டாத பக்கம் எந்தப் பக்கம் என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு ஓடிவருவான். பந்து காற்றிலேயே வளைந்து மட்டைக்காரனின் காலடியில் விழும். தோல் பந்தை அவன் கையில் கொடுத்தேன். தையலைத் தடவிப் பார்த்துவிட்டு, "இத எங்கண்ணே போடுறது?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு அவலூர்பேட்டையில் பதில் இல்லை. டர்ஃப் பிட்சில் பந்து போட வேண்டுமென்றால் அவன் ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் ஏறி வெளியூர் போகவேண்டும்.

இருபது ஓவர் ஆட்டத்தில் நாம் குறைந்தவர்களில்லை. 2006-07, 2020-21, 2021-22 என்று மூன்று முறை தேசியக் கோப்பை வாங்கினோம். கர்நாடகத்துக்கெதிராகக் கடைசிப் பந்தில் ஐந்து ரன் தேவைப்பட்டபோது நம் ஆட்டக்காரர் ஷாருக் கான் அடித்த சிக்ஸருக்கு எங்கள் பஜாரே கத்தியது. தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) 2016இல் தொடங்கியபிறகு திண்டுக்கல் நத்தம், திருநெல்வேலி, சேலம், கோயம்புத்தூர் என்று நல்ல மைதானங்களில் அதன் ஆட்டங்கள் நடந்தன. ரஞ்சி ஆட்டமும் அங்கெல்லாம் போகிறது. இதைச் செய்த சங்கத்துக்கு நன்றி சொல்லாமல் மேலே எழுத முடியாது. அந்த வரிசையில் எங்கள் பக்கத்தையும் சேருங்கள் என்கிறேன்.

ஊர்ப்புறங்களில் தேடினால் என்ன கிடைக்கும் என்பதற்கு விதர்பாவைப் பாருங்கள். 2017-18 வரை இறுதியே ஆடாத அணி. இன்று மூன்று கோப்பை. அந்தப் பக்கத்துச் சுரங்கத் தொழிலாளியின் மகன் உமேஷ் யாதவ் அந்த அணிக்குப் பந்து போட்டார். சௌராஷ்டிரா, மத்தியப் பிரதேசம், குஜராத் எல்லாம் நாம் காத்திருந்த காலத்தில் கோப்பை வாங்கியவர்கள்.

மைதானத்தோடு இன்னும் சில. 16 வயதுக்கு உட்பட்டோர் தேர்வு நடக்கும் தேதியைச் செஞ்சி பஸ் நிலையத்திலும் அரசுப் பள்ளி நோட்டீஸ் போர்டுகளிலும் ஒட்டச் சொல்லுங்கள். ரஞ்சி ஆடும் பதினொருவரில் இடம்பெற்றால், ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையைப் பொறுத்து நாளொன்றுக்கு 40,000 முதல் 60,000 ரூபாய் வரை கிடைக்கிறது. இந்த விஷயம் எங்கள் ஊர்ப் பெற்றோருக்குத் தெரியாது. படிப்பைக் கெடுத்துக்கொள்ளாதே என்று மட்டையைப் பிடுங்கி வைக்கும் அப்பாவிடம் யாராவது வந்து சொல்லவேண்டும். மாவட்ட மைதானங்களில் பிட்ச் போடும்போது நாலு பிட்சில் ஒன்றையாவது புல் விட்டு, பந்து எழும்பும்படி போடச் சொல்லுங்கள். சேப்பாக்க மண் எல்லா ஊருக்கும் வேண்டாம்.

நம் அணி ஆடும் நாட்களில் தமிழில் வர்ணனையும் வேண்டும். காலஞ்சென்ற அப்துல் ஜப்பார் வானொலியில் வர்ணித்தபோது, கிரிக்கெட்டே தெரியாத என் பாட்டிகூடக் காது கொடுத்துக் கேட்டார். இன்று ஒரு போனும் இரண்டு பேரும் இருந்தால் ரஞ்சி ஆட்டம் முழுவதையும் தமிழில் சொல்லிவிடலாம். கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டே கேட்பார்கள்.

அடுத்த பருவத்து அட்டவணை போடும்போது இதை மனதில் வையுங்கள். டர்ஃப் மைதானம் அமைய ஒரு வருஷம் இரண்டு வருஷம் ஆகலாம். அதுவரை, எங்களுக்கு அருகிலுள்ள மைதானத்தில் நம் அணி ஆடும் நாட்களில் கிராமத்துப் பள்ளிப் பையன்களை அழைத்துவந்து உட்கார வைக்க ஏற்பாடு செய்யுங்கள். எங்கள் ஊரிலிருந்து வேன் செலவு என்னுடையது. இடதுகைப் பையன் முன் சீட்டில் வருவான்.

இப்படிக்கு,
தமிழ்நாடு அணியின் ரசிகன்,
அவலூர்பேட்டை.