வயிற்று அமிலத்தைத் தாண்டுமா நல்ல பாக்டீரியா?

குழந்தைக்குக் காய்ச்சல். ஆன்டிபயாடிக்கோடு சேர்த்து ஒரு புரோபயாட்டிக் கேப்ஸ்யூலும் எழுதித் தருகிறார் டாக்டர். விழுங்க மாட்டேன் என்று குழந்தை அடம்பிடிக்கிறது. அம்மா என்ன செய்வார்? கேப்ஸ்யூலைப் பிரித்து, பொடியைச் சுடச்சுட பாலில் கலக்கிக் கொடுத்துவிடுவார். உள்ளே இருந்த பாக்டீரியா டம்ளரிலேயே செத்துப்போக வாய்ப்பு உண்டு!

புரோபயாட்டிக் என்றால் உயிருள்ள நுண்ணுயிரி. 2001-ல் உலக சுகாதார நிறுவனமும், உணவு மற்றும் வேளாண் அமைப்பும் சேர்ந்து தந்த விளக்கத்திலேயே ‘உயிரோடு’, ‘போதுமான அளவில்’ என்ற இரண்டு நிபந்தனைகள் உண்டு. நம் இரைப்பையோ கிருமிகளைக் கொல்லும் இடம். வெறும் வயிற்றில் அங்கே சுரக்கும் அமிலம் எலுமிச்சைச் சாற்றைவிடக் கடுமையானது. அதில் தப்பினால் அடுத்து பித்தநீர். சோப்பு எண்ணெய்ப் பிசுக்கைக் கரைப்பதுபோல அது பாக்டீரியாவின் மேல்சவ்வைக் கரைக்கும். இரண்டையும் தாண்டினால்தான் பெருங்குடல்.

இந்தப் பயணத்துக்கு விஞ்ஞானிகள் போட்டுத்தரும் சட்டைதான் ‘என்கேப்சுலேஷன்’. அதிகம் ஆராயப்பட்ட பொருள் ஆல்ஜினேட். ராமநாதபுரம் கடலோரத்தில் சேகரிக்கிறார்களே கட்டக்கோரை, அதுபோன்ற பழுப்புக் கடற்பாசிகளிலிருந்து எடுப்பது. ஆல்ஜினேட் கரைசலில் பாக்டீரியாவைக் கலந்து, கால்சியம் குளோரைடு தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட்டால், விழுந்த மாத்திரத்தில் வெந்த ஜவ்வரிசிபோல மணிமணியாகத் திரளும். ஒவ்வொரு மணிக்குள்ளும் எக்கச்சக்கமான பாக்டீரியா. இந்த மணி அமிலத்தில் சுருங்கி இறுகும். அமிலம் குறைந்த குடலுக்குப் போனதும் ஊதி உடையும். எங்கே மூட வேண்டும், எங்கே திறக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியதுபோல!

ஆனாலும் ஓட்டை இல்லாத சட்டை இல்லை. ஜெல்லின் நுண்துளைகள் வழியே அமிலம் கசியும். மணியைப் பெரிதாக்கினால் பாதுகாப்பு கூடும். தயிரில் போட்டால் நாக்கில் மணல்போல நெருடும். சிறிதாக்கினால் நெருடாது, பாதுகாப்பும் குறையும். அதனால்தான் மேலே இன்னொரு பூச்சு. பால் புரதம் போடுவார்கள், அல்லது இறால், நண்டு ஓட்டிலிருந்து வரும் கைட்டோசான். சைவக்காரர்கள் லேபிளைப் பார்த்துக்கொள்வது நல்லது.

சட்டையே தேவைப்படாத பாக்டீரியாவும் உண்டு. ‘பேசில்லஸ்’ வகையினர் விதைபோன்ற ஸ்போர் வடிவில் தூங்கிக்கொண்டே அமிலத்தைக் கடந்துவிடுவார்கள். 1930-ல் ஜப்பானின் மினோரு ஷிரோடா வேறு வழி கண்டார். அமிலத்தையும் பித்தநீரையும் தாங்கும் வலுவான லாக்டோபேசில்லஸ் ரகத்தையே தேடிப் பிடித்தார். ‘யாகுல்ட்’ பாட்டிலில் இருப்பது அதன் வாரிசுதான்.

வீட்டுக்கு வருவோம். கேப்ஸ்யூலின் ஓடே பாதுகாப்பாக இருந்தால், பிரித்தால் போச்சு. உள்ளிருக்கும் மணிகளுக்குப் பூச்சு இருந்தால் பிரிக்கலாம், கடிக்கக் கூடாது. எது என்று மருந்துக்கடையில் கேட்டுவிடுங்கள். கலப்பதானால் ஆறிய பாலில், அல்லது தயிரில். பல ரகங்களுக்கு வெறும் வயிற்றைவிடச் சாப்பாட்டு நேரம் நல்லது. உணவு அமிலத்தின் வேகத்தைத் தணிக்கும். லேபிளில் உள்ள கோடிக்கணக்கு, தயாரித்த அன்றைக்கா, காலாவதி நாள் வரைக்குமா என்றும் பாருங்கள்.

உயிரோடு குடலைச் சேர்ந்துவிட்டதாலேயே பலன் நிச்சயமில்லை. எந்த ரகம், எந்த நோய்க்கு என்பதைப் பொறுத்தது அது. குறைமாதக் குழந்தைகளுக்கும், எதிர்ப்புசக்தி மிகவும் குறைந்தவர்களுக்கும் இந்த ‘நல்ல’ பாக்டீரியாவே ரத்தத்தில் கலந்து ஆபத்தாகலாம். குறைமாதக் குழந்தைகள் விஷயத்தில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2023-ல் எச்சரிக்கையே விட்டது. அவர்களுக்கு டாக்டரைக் கேட்காமல் ஒரு சாஷேகூட வேண்டாம்.