கொஞ்சம் அதிகம்தான் கொடுத்துவிட்டேன்



பழைய இசைத்தட்டு வாங்குகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கொடுத்த விலையை வீட்டில் முழுசாகச் சொல்ல மாட்டார்கள். மூவாயிரம் கொடுத்திருந்தால் ‘ஆயிரத்துச் சொச்சம் இருக்கும்’ என்பார்கள். இன்னும் கெட்டிக்காரர்கள், ‘இது ரொம்ப நாளா நம்மகிட்டதானே இருக்கு, நீ பார்த்ததில்லையா?’ என்று கேட்டுவிட்டு அடுத்த அறைக்கு நகர்ந்துவிடுவார்கள். எனக்கு அந்த அளவு சாமர்த்தியம் போதாது. நான் முதல் ரகம்.

போன மாதம் வாங்கியது இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’. 1986-இல் வந்த தட்டு. தியாகராஜருக்கும் மேல்நாட்டு இசைமேதை ஜே. எஸ். பாக்குக்கும் அவர் காணிக்கையாக்கிய இசை. கையில் இருக்கும் போனில் இரண்டு தட்டு தட்டினால் அதே வயலின் காசில்லாமல் வந்து நிற்கும். அப்படியிருக்க, உறையின் ஓரம் நைந்த, நடுவில் யாரோ பேனாவால் கையெழுத்துப் போட்ட ஒரு கறுப்பு வட்டத்துக்கு ஒரு மாத மளிகைப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன். கடைக்காரர் அதைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தபோது மனசுக்குள் மகிழ்ச்சியும் குறுகுறுப்பும் சம பங்காக இருந்தன. இந்தக் குறுகுறுப்பைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேச நினைத்தேன்.

ஒலி நன்றாக இருக்கும் என்பதற்காக வாங்குகிறேன் என்று சொல்லிக்கொள்வது எங்கள் கூட்டத்தின் முதல் சாக்கு. அதில் பாதி பொய். எல்பி தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றுகிறது. வெளி ஓரத்தில் முள்ளுக்கு அடியில் விநாடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது; லேபிளை நெருங்கும்போது அது 20 சென்டிமீட்டர் சொச்சமாகக் குறைந்துவிடுகிறது. அதே இசையைப் பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுத வேண்டியிருப்பதால், ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டும் கொஞ்சம் மங்கித்தான் கேட்கும். சத்தத்துக்கும் நிசப்தத்துக்கும் இடையிலான தூரத்தை அளந்தால் சிடிதான் ஜெயிக்கும். நம் ஊர்ப் படத் தட்டுகளில் பல மலிவான பிளாஸ்டிக்கில் அழுத்தப்பட்டவை வேறு. புதிதாக உறையைப் பிரித்த நாளிலேயே பொரிந்திருக்கும்.

2022-இல் அமெரிக்காவில் ஒரு வேடிக்கை நடந்தது. மூல ஒலிநாடாவிலிருந்து டிஜிட்டல் கலப்பே இல்லாமல் தட்டு தயாரிப்பதாகப் பேர் வாங்கிய ஒரு நிறுவனம், பல ஆண்டுகளாக நடுவில் ஒரு டிஜிட்டல் படியைச் சேர்த்திருந்தது வெளியே வந்தது. லட்சக்கணக்கில் செலவழித்துக் கருவி வைத்திருந்தவர்கள் கொதித்தார்கள், வழக்குப் போட்டார்கள். ஆனால் செய்தி வெளிவரும்வரை, இதில் டிஜிட்டல் வாடை அடிக்கிறது என்று காதால் கேட்டு யாரும் சொல்லவில்லை. அந்தத் தட்டுகளைத்தான் அதுவரை ஒப்பற்ற அனலாக் ஒலி என்று எல்லாரும் புகழ்ந்துகொண்டிருந்தார்கள்.

ஆக, காதுக்காக மட்டும் இந்தக் காசு போகவில்லை.

என் தலைமுறையில் பெரும்பாலான தமிழ் வீடுகளில் எல்பி தட்டே இருந்ததில்லை. இதை நாம் சௌகரியமாக மறந்துவிடுகிறோம். ‘அந்தக் காலத்து ரெக்கார்டு’ என்று உருகுகிறவர்களில் எத்தனை பேர் வீட்டில் பிளேயர் இருந்தது? தட்டு வாங்கியவர்கள் வேறு ஆட்கள். கொஞ்சம் வசதியானவர்கள், வானொலி நிலையங்கள், கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மைக் செட் கட்டும் சவுண்ட் சர்வீஸ்காரர்கள். அப்புறம் எழுபதுகளின் கடைசியிலிருந்து ஊருக்கு ஊர் முளைத்த ரெக்கார்டிங் சென்டர்கள்.

இளைய வாசகர்களுக்கு இந்த ரெக்கார்டிங் சென்டரைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பத்துக்குப் பத்து அறை. சுவர் முழுக்க எல்பி உறைகள் முகம் காட்டி நிற்கும். நீங்கள் ஒரு வெற்று கேசட்டோடு போவீர்கள். அறுபது நிமிடமா தொண்ணூறா என்பது உங்கள் வசதியைப் பொறுத்தது. நோட்டுத் தாளில் பாட்டு வரிசையை எழுதிக் கொடுக்க வேண்டும். கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, ‘இந்தப் பாட்டு நீளம் தம்பி, பி சைடுல அடங்காது. வேற ஒண்ணு போடட்டுமா?’ என்று ஒரு ஆசிரியரைப் போலத் திருத்துவார். எந்தப் பாட்டுக்குப் பின்னால் எந்தப் பாட்டு வரலாம், சோகத்தை எங்கே நிறுத்தலாம் என்பதில் அவருக்குத் திடமான அபிப்பிராயம் இருக்கும். பல சமயம் அவர் சொன்னதே சரியாக இருக்கும். மூன்று நாள் கழித்து கேசட் கையில் வரும், முத்து முத்தான கையெழுத்தில் அட்டையோடு. அந்தத் தட்டு ஒருபோதும் நம்முடையதல்ல. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் சுற்றும். இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம்.

கடலுக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையில் அறிவிப்பாளர்கள் கே. எஸ். ராஜாவும் பி. எச். அப்துல் ஹமீதும் போட்ட பாட்டுகளை ராமநாதபுரத்திலும் தஞ்சாவூரிலும் வாசலில் உட்கார்ந்து கேட்டவர்கள் ஏராளம். அந்தத் தட்டுகள் கொழும்பில் இருந்தன. நமக்கு வந்தது காற்றில் மிதந்த பங்கு மட்டும்.

அதனால் இன்றைக்கு நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டியவர் ஓர் எல்பியை அதிக விலை கொடுத்து வாங்கும்போது, தொலைத்ததை மீட்கவில்லை. கேட்டு வளர்ந்து, ஒருநாளும் சொந்தமாக வைத்துக்கொள்ள முடியாமல் போனதை இப்போதுதான் முதல் தடவையாக வாங்குகிறார். சின்ன வயதில் கிடைக்காமல் போன சைக்கிளுக்கும் சேர்த்து இப்போது பில் கட்டுவது போல. குறுகுறுப்புக்கும் அதுவேதான் காரணம் என்று நினைக்கிறேன். அப்பாக்கள் இந்தக் காசைக் கனவிலும் இதற்குச் செலவழித்திருக்க மாட்டார்கள்.

விலை ஏன் இப்படி ஏறியது என்பதற்கு உணர்ச்சி கலக்காத காரணமும் உண்டு. கேசட் பரவப் பரவ, தமிழ்ப் படத் தட்டுகளை அழுத்தும் எண்ணிக்கை குறைந்துகொண்டே போனது. தொண்ணூறுகளின் தொடக்கத்தோடு நின்றேபோனது. ஆகவே எண்பதுகளின் கடைசியில் வந்த தட்டு, அறுபதுகளின் தட்டைவிட அரிதாக இருப்பது சாதாரணம். அழுத்திய கொஞ்சத்தையும் சவுண்ட் சர்வீஸ்காரர்கள் தேயத் தேய ஓட்டினார்கள். பந்தல் தூசி, ஜெனரேட்டர் புகை, அதிகாலை நான்கு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் முள்ளை வைக்கும் கை எல்லாவற்றுக்கும் தப்பிப் பிழைத்தவைதான் இன்று கடைக்கு வருகின்றன. பிறகு கேசட்டும் சிடியும் வந்ததும் இவர்கள் தட்டுகளை எடைக்குப் போட்டார்கள். எடைக்குப் போனதைத்தான் நாங்கள் இப்போது ஒவ்வொன்றாக ஆயிரக் கணக்கில் கொடுத்து வாங்குகிறோம்.

சென்னையில் இந்தச் சரக்கெல்லாம் ஒரு காலத்தில் போய்ச் சேர்ந்த இடம் மூர் மார்க்கெட். 1900-இல் திறந்த அந்தச் சிவப்புக் கட்டடம் 1985 மே மாத இறுதியில் தீயில் போயிற்று. பழைய புத்தகங்கள் எரிந்ததைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். தட்டுகளைப் பற்றி அவ்வளவாக யாரும் எழுதவில்லை.

என்னைக் கேட்டால், தமிழ்த் தட்டில் கீறல் ஒரு குறையே அல்ல. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தட்டுக்குத் தரம் பிரிப்பார்கள். கையே படாதது உச்சம், கீறல் கூடக் கூட விலை இறங்கும். அவர்களுக்கு அது சரி. நம் தட்டுகளில் லேபிளின் மேல் வெள்ளை பெயின்டில் ஏதோ ஓர் ஊர் சவுண்ட் சர்வீஸின் பெயர் எழுதியிருக்கும். உறையின் பின்னால் எந்தப் பாட்டு அதிகம் கேட்கப்படுகிறதோ அதற்கு நேரே ஒரு பென்சில் புள்ளி இருக்கும். அந்தப் பாட்டின் மேல் மட்டும் பள்ளம் வெளுத்திருக்கும். ஓர் ஊர் ஒரு காலத்தில் எதை விரும்பிக் கேட்டது என்பதற்கு இதைவிட நல்ல ஆவணம் எந்தக் கல்வெட்டிலும் எனக்குக் கிடைக்காது. பெயின்டைச் சுரண்டி எடுத்துவிட்டு விற்கும் வியாபாரிகளைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

கதை வசனத் தட்டுகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பாட்டே இல்லாமல், படத்தின் வசனத்தை மட்டும் எல்பியாகப் போட்டு விற்று, அதைத் திருவிழா மைக்கில் முழு ஊருக்கும் கேட்கவைத்தது நம் பக்கத்துப் பழக்கம். ‘திருவிளையாடல்’ படத்தின் தருமி காட்சி படம் பார்க்காதவர்களுக்கும் மனப்பாடமானது இப்படித்தான். தியேட்டரில் இரண்டு வாரம் ஓடிய படம்கூடத் தட்டில் இருபது வருஷம் ஓடியிருக்கிறது.

அதற்கும் முந்தைய 78 சுற்றுத் தட்டுகள் தனி உலகம். அவை பிளாஸ்டிக் அல்ல, அரக்கு. அரக்குப் பூச்சியின் கொடை. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், கொஞ்சம் கூட. மணிக்கணக்கில் ராகம் வாசித்தவர்கள் அந்த மூன்று நிமிடத்துக்குள் அதை அடக்கக் கற்றார்கள். டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி கிராமபோன் தட்டில் ஏறியபோது, கச்சேரிக்குப் போக வழியில்லாத ஊர்களுக்கும் அந்த நாதஸ்வரம் போய்ச் சேர்ந்தது. எம். எஸ். சுப்புலட்சுமி முதல் தட்டைப் பாடியபோது அவருக்கு வயது பத்து, வருஷம் 1926. நாய் மார்க் என்று ஊரார் சொன்ன எச்.எம்.வி.யின் சின்ன தகர டப்பாவில் எஃகு முள்கள் இருக்கும். ஒரு பக்கத்துக்கு ஒரு முள், அப்புறம் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

மேல்நாடுகளில் 78 சுற்று வழக்கொழிந்த பிறகும், மின்சாரம் எட்டாத ஊர்களின் சாவி கொடுக்கும் பெட்டிகளுக்காக இந்தியாவில் அவற்றை அறுபதுகளிலும் அழுத்திக்கொண்டிருந்தார்கள். அந்த வரிசையில் பீட்டில்ஸ் பாட்டுகளும் 78 சுற்றுத் தட்டில் வந்துவிட்டன. பீட்டில்ஸின் 78 என்றால் இன்று உலகச் சேகரிப்பாளர்கள் தேடுவது இந்தியத் தட்டுகளைத்தான், பெரும் விலைக்கு. நம் பின்தங்கல்கூட ஒரு நாள் விலைபோகும் என்று அப்போது யாருக்குத் தெரியும்!

செலவு தட்டோடு நிற்பதுமில்லை. யானையை வாங்கியவன் அங்குசத்துக்குப் பேரம் பேச முடியாது. பிளேயர், அதற்கொரு கார்ட்ரிட்ஜ், அதன் மெல்லிய ஒலியைத் தூக்கிக் கொடுக்க ஒரு பெட்டி, துடைக்கத் தூரிகை, உள்ளுறை. இதில் ஒன்றே ஒன்று சொல்கிறேன்: பெட்டி வடிவில் கிடைக்கும் மலிவான பிளேயர்களைத் தவிருங்கள். நல்ல கருவியில் முள் தட்டின் மேல் இரண்டு கிராமுக்குச் சற்றுக் குறைவாகவோ கூடவோ அழுத்தும். இவற்றில் பல அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் அழுத்தி உழுதுவிடுகின்றன.

எல்லாச் செலவையும் நான் நியாயப்படுத்தவில்லை. அமெரிக்காவில் 2022-இல் 4 கோடியே 10 லட்சம் எல்பிகள் விற்று, 1987-க்குப் பிறகு முதல்முறையாக எண்ணிக்கையில் சிடியை முந்தின. ஆனால் அங்கே தட்டு வாங்குகிறவர்களில் பாதிப் பேரிடம்தான் பிளேயரே இருக்கிறது என்று லுமினேட் என்ற ஆய்வு நிறுவனம் சொன்னது. மீதிப் பாதி அதைச் சுவரில் மாட்டுகிறது, அல்லது உறை பிரிக்காமல் விலை ஏறக் காத்திருக்கிறது. 2015-இல் வூ-டாங் கிளான் என்ற ராப் குழு ஒரே ஒரு பிரதி மட்டும் தயாரித்த ஆல்பத்தை ஒரு மருந்து வியாபாரி 20 லட்சம் டாலருக்கு வாங்கிப் பூட்டி வைத்தார். அது ஊதாரித்தனம், நான் செய்வது ஆசை என்று வாதாடுவேன். எல்லை எங்கே என்றால், ஓடவிடுகிறீர்களா என்பதில். வீட்டுக்கு வருகிறவர் கேட்டால் போட்டுக் காட்டாத தட்டு, எத்தனை மலிவாக வாங்கியிருந்தாலும் தண்டச் செலவு. பல்லாயிரம் 78 சுற்றுத் தட்டுகளைச் சேர்த்த சென்னையின் வி. ஏ. கே. ரங்காராவ் போன்றவர்களால்தான், மூலப்பிரதியே அழிந்துபோன எத்தனையோ பழைய பாட்டுகள் இன்று கேட்கக் கிடைக்கின்றன. அவர்கள் அன்று அதிகமாகச் செலவழித்தார்கள் என்று இன்று யார் சொல்வார்கள்?

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டுப் பரணில் பழைய தட்டுகள் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். ஓட்டுக்கு அடியில், வெயில் இறங்கும் இடத்தில் வைக்க வேண்டாம்; நெளிந்துவிடும். அடுக்கி வைக்காமல் புத்தகம் போல நிமிர்த்தி வையுங்கள். 78 சுற்று அரக்குத் தட்டுகளை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கவே கூடாது, அரக்கு கரையும். எல்பி முள்ளை அதன் மேல் வைக்காதீர்கள். அதற்கு அகலமான வேறு முள் வேண்டும். வைத்துக்கொள்ள இடமில்லை என்றால் சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் ஊர் சவுண்ட் சர்வீஸ், ரெக்கார்டிங் சென்டர் பெயர் எழுதிய தட்டு இருந்தால் படம் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள், வரும் இதழ்களில் வெளியிடுகிறோம். லேபிளில் அச்சிட்ட எண் படத்தில் தெளிவாகத் தெரியட்டும். பாட்டையும் வருஷத்தையும் கண்டுபிடிக்க அந்த எண்தான் உதவும்.

அன்புடன்,
ஆசிரியர்