குழாய்க்கு உறை உண்டு, ஆளுக்கு?

பாதாளச் சாக்கடைக் குழாயில் கழிவுநீர் ஓடும் அடிப்பாகம் அவ்வளவாகக் கெடுவதில்லை. தண்ணீர் தொடாத மேற்பாகம்தான் அரித்துப்போகிறது. காரணம், ஹைட்ரஜன் சல்ஃபைடு. தேங்கிய கழிவில் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிரிகள் இந்த வாயுவை உண்டாக்குகின்றன. அது மேலெழுந்து ஈரச் சுவரில் படிகிறது. அங்குள்ள வேறு நுண்ணுயிரிகள் அதைக் கந்தக அமிலமாக்குகின்றன. சிமென்ட் மாவாக உதிர்கிறது.

பொறியாளர்களுக்கு இது தெரியும். அதனால் குழாய்க்குள் பிளாஸ்டிக் உறை, எபாக்ஸி பூச்சு, உயர் அலுமினா சிமென்ட் என்று செலவு செய்கிறார்கள். செய்யட்டும், வேண்டியதுதான். குழாய் இடிந்து அடைத்தால் அதை எடுக்க ஆளைத்தானே தேடுவார்கள்?

கான்கிரீட்டைத் தின்ன இந்த வாயுவுக்குப் பல ஆண்டுகள் வேண்டும். மனிதனைக் கொல்லச் சில நிமிடங்கள் போதும். அடர்த்தி கூடினால் மூக்கு மரத்து, நாற்றம்கூடத் தெரியாது. 'ஆள்நுழைவுக் குழி' என்று பெயர் வைத்தவருக்கும் ஆள் இறங்குவது இயல்பாகவே பட்டிருக்கிறது. எந்த ஆள் என்பதைச் சொல்லவில்லை. ஒப்பந்தக்காரர் அருந்ததியர் தெருவுக்குத்தான் வருகிறார்.

பாதுகாப்பின்றி இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 2023இல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக்கியது. அது செத்தபின் வரும் பணம்.

உங்கள் ஊருக்குப் பாதாளச் சாக்கடைத் திட்டம் வந்தால் மதிப்பீட்டு நகலைக் கேளுங்கள். உறைக்கு எவ்வளவு, வாயு அளக்கும் கருவிக்கு எவ்வளவு, அடைப்பெடுக்கும் இயந்திரத்துக்கு எவ்வளவு என்று பாருங்கள். தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். கல்லூரி மாணவர்களே எழுதிவிடலாம்.