அம்மாவின் போனஸும் என் முதல் கேமராவும்



"ஆண்டு மலருக்கு நீயும் ஏதாவது எழுதுடா" என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, கவிதை எழுதலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். ஆனால் கவிதைக்கு நம் கல்லூரியில் என்ன பஞ்சம்? எவன் நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாலும் நாலு கவிதை கிடக்கிறது. ஆகவே, மூன்று வருடமாக என்னைப் பார்க்கிறவர்களெல்லாம் கேட்கும் ஒரு கேள்விக்குப் பதில் எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

"மாப்ளே, டி.எஸ்.எல்.ஆர். வாங்கணும். எது வாங்கலாம்?"

என் பதில் ஒரே வரிதான். பாடியைப் பழசாக வாங்கு. மிச்சக் காசை லென்சிலும் ட்ரைபாடிலும் போடு. இதைச் சொன்னால் பாதிப் பேருக்கு முகம் சுருங்கிவிடும். புது டப்பாவைப் பிரிக்கிற சுகமே தனி, எனக்கும் தெரியும். ஆனால் யார் காசில் பிரிக்கிறோம் என்பதும் ஒரு விஷயம் அல்லவா?

என் வீடு நாரணாபுரம். அம்மா பட்டாசு ஆலைக்குப் போகிறவர். எங்கள் பக்கத்தில் வருடத்தில் மொத்தமாகக் கையில் காசு வருவது தீபாவளி போனசின்போதுதான். 2018-ல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்குத் தடை போட்டு, பசுமைப் பட்டாசுதான் செய்யவேண்டும் என்று சொன்ன பிறகு, எங்கள் வீட்டில் வேலை நாட்களை விரல் விட்டு எண்ண வேண்டியதாயிற்று. அப்படிப்பட்ட ஒரு வருடத்தின் போனசையும், லீவு நாட்களில் ஆப்செட் பிரஸ்ஸில் வேலை செய்து நான் சேர்த்ததையும் கூட்டினால் 22,000 ரூபாய். அம்மா பணத்தைக் கையில் கொடுக்குமுன் ஒன்றே ஒன்று கேட்டார்: "எய்யா, இதுல ஒழுகுற ஓட்டை மாத்திருக்கலாம். இந்தக் கேமரா நமக்குச் சோறு போடுமாய்யா?"

அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டுதான் கடைக்குப் போனேன்.

கடையில் எடுத்த எடுப்பில் மெகாபிக்சல் கணக்கைத்தான் சொல்வார்கள். நாம் அச்சுத் தொழில்நுட்பம் படிக்கிறவர்கள். நம்மிடமே இந்த வித்தை காட்டினால் எப்படி? கோவில்பட்டி கொண்டையராஜு வரைந்த சாமி படங்களைக் காலண்டராக அடித்து வீடு வீடாக மாட்ட வைத்த ஊர்ப் பக்கத்துக்காரர்கள் நாம். 150 லைன் ஸ்க்ரீனில் அடிக்க அங்குலத்துக்கு 300 பிக்சல் இருந்தால் தாராளம். ஒன்றரை மடங்குக் கணக்கில் 225 இருந்தாலும் காலண்டருக்குப் போதும் என்று நம் லேபிலேயே படித்தோம். 2014-ல் வந்த நிக்கான் டி3300-ன் படம் 6000-க்கு 4000 பிக்சல். 20-க்கு 15 அங்குலக் காலண்டரில் அதைப் போட்டால் நீளவாக்கில் 300, அகலவாக்கில் 266 வருகிறது. போதாதா? கேனானின் பழைய 18 மெகாபிக்சல் பாடிகள்கூட (5184-க்கு 3456) இதே அளவில் 230-க்குக் குறையாது. பத்து வருடப் பழைய பாடி, நம் பிரஸ் கேட்பதைக் கொடுத்துவிடுகிறது. பிறகு எதற்கு அதன்மேல் காசைக் கொட்ட வேண்டும்?

ஆகவே மதுரையில் ஒரு பழைய சாமான் கடையில் டி3300-ஐ 18-55 லென்சோடு வாங்கினேன். இதுவரை நான் கெட்டிக்காரன். அசடு வழிந்தது அடுத்ததில்.

"50 எம்.எம். 1.8 இருக்கு தம்பி, சல்லிசா வருது" என்று கடைக்காரர் எடுத்துப் போட்டார். விலையைக் கேட்டதும் எனக்கு வாயெல்லாம் பல். ஒரு வார்த்தை விசாரிக்காமல் வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து மாட்டினால் பொத்தானை எவ்வளவு அழுத்தியும் ஃபோகஸ் நகரவில்லை. அதோடு 'எஃப்.இ.இ.' என்று ஓர் எழுத்து வேறு மின்னுகிறது. போச்சுடா, அம்மா போனஸ் போச்சு என்று அன்று இரவு தூக்கமே இல்லை.

மறுநாள் ஸ்டூடியோ அண்ணாச்சியிடம் ஓடினேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏலே, இது 'டி' லென்சு. இதுல மோட்டார் கிடையாது. பாடியில மோட்டார் இருந்தாத்தான் தானா ஃபோகஸ் ஆகும். உன் பாடியிலயும் கிடையாது." நிக்கானில் டி3000, டி5000 வரிசைப் பாடிகள் எதிலும் அந்த மோட்டார் இல்லையாம், டி7000 வரிசையில் உண்டு. நம் வகைப் பாடிக்கு 'ஏ.எஃப்.-எஸ்.' என்று எழுதியிருக்கிற லென்சாகப் பார்த்து வாங்க வேண்டும். கேனான்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அவர்கள் ஈ.எஃப். லென்சில் மோட்டார் உள்ளேயே இருக்கிறது. மின்னிய எழுத்துக்குக் காரணம், லென்ஸ் வளையத்தை 22-ல் வைத்துப் பூட்டாமல் விட்டது. அவ்வளவுதான்!

திருப்பிக் கொடுக்க முடியாது என்றாகிவிட்டது. கையால் ஃபோகஸ் செய்யப் பழகினேன். வியூஃபைண்டரின் ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி இருக்கிறது. ஃபோகஸ் சரியாக விழுந்தால் அது நிலையாக எரியும். ஓடுகிற பிள்ளைகளைப் பிடிக்க முடியாது, ஆனால் உட்கார்ந்திருக்கிற பாட்டியைப் பிடிக்கலாம்!

இருந்தும் அந்த லென்சை நான் விற்க மாட்டேன். 18-55 லென்ஸ் 55 பக்கம் போனால் அதன் வாய் 5.6-க்கு மேல் திறக்காது. இது 1.8 வரை திறக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம். மாரியம்மன் கோயில் பொங்கலன்று ட்யூப்லைட் வெளிச்சத்தில் எட்டில் ஒரு வினாடி வேண்டிய இடத்தில் எண்பதில் ஒரு வினாடி போதும். கை நடுக்கம் தெரியாது. புதுப் பாடிக்கு இன்னும் 20,000 ரூபாய் கொடுத்தாலும், அதே 18-55 மாட்டியிருந்தால் இந்தப் பத்து மடங்கு வராது. ஒன்று மட்டும்: நம் வகைப் பாடியில் 50 என்பது 75 போலக் குறுகித் தெரியும். எங்கள் வீட்டு முன்னறையில் நாலு பேரைச் சேர்த்து எடுக்க நான் தெருவுக்கு இறங்க வேண்டியிருக்கிறது. ஒரே ஒரு லென்ஸ் புதிதாக வாங்க முடிகிறவர்கள் 35 எம்.எம். 1.8 ஏ.எஃப்.-எஸ். வாங்குங்கள்.

ஜோடியாகத் தள்ளிவிடுகிற தூர லென்ஸ் பற்றிக் கேட்காதீர்கள். எங்கள் செட்டில் வாங்கிய மூன்று பேர் வீட்டிலும் அது பீரோவில் தூங்குகிறது.

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பட்டாசுக்காரருக்குப் புஸ்வாணப் பெட்டி லேபிளுக்குப் படம் வேண்டியிருந்தது. ஊருக்கு வெளியே வெறும் பொட்டல், பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீர், பழைய ட்ரைபாட் ஒன்று. ஐ.எஸ்.ஓ. 100, துவாரம் 11, மூன்று வினாடி. இருட்டில் தானியங்கி ஃபோகஸ் தடுமாறும் என்பதால், டார்ச் அடித்து முன்கூட்டியே கையால் ஃபோகஸ் வைத்துவிட்டேன். மாட்டியிருந்தது 18-55 தான். பன்னிரண்டு புஸ்வாணம் எரிந்தது. இரண்டு படம் தேறியது. 1,500 ரூபாய் கொடுத்தார். ட்ரைபாட் இல்லாமல் உலகத்து விலை உயர்ந்த கேமராவாலும் அந்தப் படத்தை எடுத்திருக்க முடியாது. ஓடு இன்னும் மாற்றவில்லை, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பழசு வாங்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. லென்சின் வாயை முழுதாகத் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல ஏதாவது தெரிந்தால் அது பூஞ்சை, வைத்துவிட்டு வந்துவிடுங்கள். துவாரத்தை 22-ல் வைத்து வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுங்கள். சென்சாரில் தூசி இருந்தால் கரும்புள்ளியாகக் காட்டிக் கொடுக்கும். நிக்கானில் எடுத்த படத்தின் கோப்பிலேயே இதுவரை எத்தனை தடவை ஷட்டர் அடித்திருக்கிறது என்ற எண் இருக்கும். ஒரு லட்சத்தை நெருங்கியிருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

"இதெல்லாம் செத்துப்போன சாமான்டா, இனிமே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்தான்" என்று ஒரு கோஷ்டி சொல்கிறது. உண்மைதான். 2018-ல் நிக்கானும் கேனானும் தங்கள் பெரிய மிரர்லெஸ் வரிசைகளை ஆரம்பித்த பிறகு அவர்கள் கவனமெல்லாம் அந்தப் பக்கம். அதனால்தான் அண்ணாச்சிகள் பழையதை விற்றுத் தள்ளுகிறார்கள், அதனால்தான் நமக்குக் கட்டுப்படியாகிறது! செல்போனே போதும் என்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. பகல் வெளிச்சத்தில், போன் திரையில் பார்க்க, அது போதும். அதே படத்தைக் காலண்டர் அளவுக்கு ப்ரூஃப் எடுத்துப் பாருங்கள், பிறகு பேசலாம். தவணையில் வாங்குவதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். நம் வீடுகளில் வேலை நிற்கிற மாதம் தவணைக்காரனுக்குத் தெரியாது.

கடைசியாக ஒரு சொந்த விஷயம். இரண்டாமாண்டு மெக்கானிக்கலில் யாரோ ஒருவர் 35 எம்.எம். 1.8 விற்கப் போவதாகக் கேள்வி. மெய்தானென்றால் வெளியே விடாமல் முதலில் என்னிடம் சொல்லவும். பூஞ்சை இருக்கிறதா என்று டார்ச்சோடுதான் வருவேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.