நாய்க்கு ஏன் இவ்வளவு தாகம்?

இலுப்பூர் பக்கத்துச் சித்திரை வெயிலைப் பற்றிப் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கண்மாய் வறண்டு கிடக்கும் அந்த நாட்களில் வீட்டு நாய் சட்டி சட்டியாகத் தண்ணீர் குடித்தால், "வெயிலுக்குக் குடிக்குது, விடு" என்பதுதான் எல்லார் வீட்டிலும் வரும் பதில். பல நேரம் அது சரியான பதில்தான். ஆனால் சில நேரம், அந்தப் பதிலால்தான் நாய் செத்துப் போகிறது.

இத்தனைக்கும் மிருகங்களைக் கவனிக்கத் தெரியாத ஊர் இல்லை இது. இலுப்பூர், அன்னவாசல், விராலிமலை வட்டாரம் முழுக்க ஜல்லிக்கட்டுக் காளை வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். காளை ஒரு வேளை தண்ணீர் காட்டியும் குடிக்கவில்லை என்றால் வீடே பதறும். அதே வீட்டு வாசலில் கிடக்கும் நாய் எவ்வளவு குடிக்கிறது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கவனிக்கத் தெரியாததால் அல்ல, நாய்க்கு அந்தக் கணக்குத் தேவையில்லை என்ற நினைப்பால் வருவது இது.

சரி, கணக்கையே பார்ப்போம். ஒரு நாய் சாதாரணமாக ஒரு நாளைக்கு, ஒரு கிலோ உடல் எடைக்கு 50 முதல் 60 மில்லி வரை தண்ணீர் குடிக்கும். 15 கிலோ நாய் என்றால் முக்கால் லிட்டரிலிருந்து 900 மில்லி வரை. கிலோவுக்கு 100 மில்லியைத் தாண்டினால், அதாவது அதே நாய் தினமும் ஒன்றரை லிட்டருக்கு மேல் குடித்தால், அதை மிகைத் தாகம் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

இதில் வெயிலுக்கும் ஒரு பங்கு உண்டு. நாய்க்கு நம்மைப் போல உடம்பு முழுக்க வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும், அதில் நிறையத் தண்ணீர் போய்விடும். சாப்பாடும் கணக்கில் வரும். சோற்றில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். பாக்கெட் தீவனத்தில் பத்தில் ஒரு பங்குதான் ஈரம். எனவே பழைய சோறு தின்ற நாயைத் தீவனத்துக்கு மாற்றினால் கூடுதலாகக் குடிக்கத்தான் செய்யும். கருவாட்டுக் குழம்பு ஊற்றினாலும் அப்படித்தான். இதற்கெல்லாம் பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது வேறு. மழை பெய்து குளிர்ந்த நாளிலும் அதே தாகம் இருக்கிறதா? இரவில் எழுந்து குடிக்கிறதா? வெளியே மட்டும் சிறுநீர் கழித்துப் பழகிய நாய் வீட்டுக்குள் போய்விடுகிறதா? நன்றாகத் தின்றும் இளைக்கிறதா? அப்படியென்றால் காரணம் உடம்புக்குள் இருக்கலாம். சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, அட்ரீனல் சுரப்பி அதிகமாக வேலை செய்யும் குஷிங் நோய், கல்லீரல் கோளாறு என்று பட்டியல் நீளும். அரிப்புக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையும் தாகத்தைக் கூட்டும். கருத்தடை செய்யாத பெட்டை நாய்க்குப் பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்துக்குள் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கலாம். தண்ணீரை நிறையக் குடிக்கும், சோற்றைத் தொடாது. இது உயிருக்கே ஆபத்தான நிலை. பெரும்பாலும் உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருக்கும்.

சிறுநீரக விஷயம் இன்னும் மோசம். சிறுநீரகங்களின் செயல்திறனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போன பிறகுதான் இந்தத் தாகமே வெளியில் தெரியும். அதற்குப் பிறகும் "வெயில்" என்று சொல்லி இரண்டு மாதம் ஓட்டினால் மிச்சம் என்ன இருக்கும்?

இதற்கு ஒரு சரித்திரமும் இருக்கிறது. 1889ல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கி, வான் மெரிங் என்ற இரண்டு மருத்துவர்கள் ஒரு நாயின் கணையத்தை எடுத்துவிட்டார்கள். நன்கு பழக்கப்பட்ட அந்த நாய் கண்ட இடத்திலெல்லாம் சிறுநீர் கழிக்க ஆரம்பித்தது. மின்கோவ்ஸ்கி அதைத் திட்டிவிட்டுப் போயிருக்கலாம். அவர் சிறுநீரைச் சோதித்துப் பார்த்தார், சர்க்கரை இருந்தது. சர்க்கரை நோய்க்கும் கணையத்துக்கும் உள்ள தொடர்பு இப்படித்தான் உறுதியானது. 1921ல் டொராண்டோவில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைக் கண்டுபிடித்ததும் நாய்களை வைத்துத்தான். அடுத்த ஆண்டு ஜனவரியில் அது ஒரு 14 வயதுச் சிறுவனுக்குப் போடப்பட்டது. நம் வீடுகளில் தாத்தா பாட்டி தினமும் போட்டுக்கொள்ளும் ஊசிக்குப் பின்னால் நாய்கள் இருக்கின்றன. அந்த நாய்க்கு அதே நோய் வந்தால் நாம் வெயிலைக் காரணம் சொல்கிறோம்!

இதைவிடப் பெரிய தவறு ஒன்றும் நடக்கிறது. ராத்திரி வீட்டுக்குள் நனைக்கிறது என்று சாயங்காலமே தண்ணீர்ச் சட்டியை எடுத்து வைத்துவிடுவது. இந்த நோய்களில் நாய் நிறையக் குடிப்பதால் சிறுநீர் போவதில்லை. சிறுநீர் நிறையப் போவதால்தான் குடிக்கிறது. செலவை நிறுத்த முடியாதபோது வரவை மட்டும் நிறுத்தினால் என்ன ஆகும்? நாயின் உடம்பு சீக்கிரமே வறண்டுவிடும். எனவே மருத்துவர் சொல்லாமல் தண்ணீரை நிறுத்தவே கூடாது.

இன்னொரு தப்பான நம்பிக்கை, "தண்ணி குடிக்கிற நாய்க்கு வெறி இல்லை" என்பது. வெறிநோய் வந்த மனிதர்தான் தண்ணீரைக் கண்டு அஞ்சுவார். வெறிபிடித்த நாய்க்கு அந்தப் பயம் கிடையாது. தொண்டை செயலிழந்து விழுங்க முடியாமல் போகும் வரை அது குடிக்கவும் செய்யலாம். கடித்த நாய் தண்ணீர் குடித்ததே என்று யாரும் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் வளர்ப்பவர் செய்ய வேண்டியது என்ன? காசு செலவில்லாத வேலைதான். ஒரு லிட்டர் பாட்டிலால் அளந்து காலையில் சட்டியில் ஊற்றுங்கள். நடுவில் ஊற்றுவதையும் எழுதுங்கள். மறுநாள் காலை மிச்சத்தை அளந்து கழியுங்கள். கோழியும் காக்காயும் அதில் வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் ஆவியாவதும் தெரிய வேண்டும் என்றால், அதே மாதிரி இன்னொரு சட்டியை நாய்க்கு எட்டாத இடத்தில் வைத்து, அதில் குறைவதையும் கழித்துவிடலாம். மூன்று நாள் கணக்கெடுத்து, சராசரியை நாயின் எடையால் வகுத்தால் விடை வந்துவிடும்.

100ஐத் தாண்டினால் அந்தக் காகிதத்தோடு, முடிந்தால் காலையில் பிடித்த சிறுநீரோடு, கால்நடை மருத்துவரிடம் போங்கள். நாய் சாப்பிடாமல் சோர்ந்து கிடந்தாலோ வாந்தி எடுத்தாலோ மூன்று நாள் காத்திருக்கக் கூடாது. அரசு கால்நடை மருத்துவமனை என்றால் மாட்டுக்கும் ஆட்டுக்கும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். நாயையும் அங்கே பார்ப்பார்கள். பெரிய பரிசோதனை வேண்டும் என்றால் ஒரத்தநாட்டில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

வாயில்லா ஜீவன் என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் அது காலிச் சட்டியை நக்கிக்கொண்டே தன் நோயைச் சொல்கிறது. உங்கள் வீட்டு நாய் நேற்று எவ்வளவு தண்ணீர் குடித்தது? தெரியவில்லை என்றால், நாளைக் காலையிலிருந்து அளந்து பாருங்களேன்.