வெல்டர் தலையில் விழுந்த பழி

1943 ஜனவரி 16. அமெரிக்காவில் போர்ட்லண்டு நகரம். குளிர் இரவு. "ஸ்கெனெக்டடி" என்ற புத்தம் புது எண்ணெய்க் கப்பல் துறையில் நின்றுகொண்டு இருந்தது. புயல் இல்லை. பேரலை இல்லை. திடீர் என்று பயங்கரச் சத்தம்! மேல்தளமும் இரு பக்கங்களும் பிளந்துவிட்டன. அடித்தகடு மட்டும் பிடித்துக்கொண்டு நின்றது.

அது யுத்த காலம். ரிவிட் அடித்தால் நாள் ஆகும் என்று, கப்பல்களை வெல்டிங் செய்து கட்டினார்கள். "லிபர்ட்டி" சரக்குக் கப்பல்கள் மட்டும் 2,700-க்கு மேல். அவற்றிலும் சில நடுக்கடலில் உடைந்தன. மாலுமிகள் மாண்டார்கள்.

பழி வெல்டிங் மீது விழுந்தது. புதிதாகத் தொழில் கற்ற ஆண்களும் பெண்களும் செய்த வேலை அது. குறைகள் இருந்தது உண்மைதான். ஆனால் உழைத்தவர்கள் தலையில் மட்டும் பழியைப் போடுவது என்ன நியாயம்?

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பெண் விஞ்ஞானி கான்ஸ்டன்ஸ் டிப்பர், எஃகையே சோதித்தார். குளிர் ஓர் அளவைத் தாண்டியதும், வளைய வேண்டிய எஃகு கண்ணாடி போல உடைந்தது! ரிவிட் அடித்த கப்பலில் விரிசல் தகட்டின் ஓரத்தோடு நின்றுவிடும். வெல்டிங் செய்த கப்பலோ ஒரே தகடு மாதிரி. விரிசல் ஓடிக்கொண்டே இருக்கும். சரக்கு அறை வாயிலின் சதுர மூலைகளில்தான் பல விரிசல்கள் பிறந்தன. பிறகு மூலைகளை வளைவாக்கினார்கள்.

இன்று கப்பலுக்கான எஃகைக் குளிர வைத்து, சம்மட்டியால் அடித்து உடைத்துப் பார்க்கிறார்கள். வெல்டிங் இணைப்புக்கும் அதே அடி உண்டு.