செட்டிநாட்டில் பாலியல் ஆய்வுக்கு இடமில்லையாம்

கானாடுகாத்தானில் ஒரு வீதியில் முகப்பும் மறு வீதியில் பின்கட்டுமாக நீண்டு கிடக்கும் மாளிகைகளைக் கண்டு வியப்போர் பலர். ஆயின் அவற்றுள் வாழ்ந்தோரின் இல்லறத்தைச் சமூகவியல் முறையில் ஆராய்ந்து கட்டுரை எழுத விரும்புவதாக ஒரு மாணவர் சொன்னால், ஆசாரம் மிகுந்த செட்டிநாட்டில் பாலியல் ஆராய்ச்சிக்கு விஷயமுமில்லை, ஆதாரமுமில்லை, வாய்திறப்பாருமில்லை என்னும் மறுமொழியே படித்தவரிடமிருந்தும் வருகிறது. நெடுங்காலமாக ஆக்ஷேபிப்பாரின்றி உலவுவதால் இவ்வபிப்பிராயம் பிரமாணம்போல் தோன்றுகிறதேயன்றி, அதன் அங்கங்களுள் ஒன்றும் விசாரணைக்கு நிற்பதாக இல்லை.

பாலியல் ஆராய்ச்சியே மேனாட்டுச் சரக்கு என்பது இம்மறுமொழிக்குத் துணையாக வரும் முதல் வாதம். களவையும் கற்பையும் தனித்தனி இயல்களாக வகுத்து, ஒருதலைக் காமத்தையும் பொருந்தாக் காமத்தையுங்கூடத் திணைகளாக எண்ணிய இலக்கணமும், 250 குறட்பாக்களைக் காமத்துப்பாலுக்கு ஒதுக்கிய அறநூலும் உடைய மொழியில் இவ்வாறு பேசுவதற்கு ஓர் அசாத்தியத் துணிவு வேண்டும். அமெரிக்காவில் பாலுறவு பற்றிய கின்சியின் முதல் அறிக்கை வெளிவந்தது 1948-இல். பம்பாய் நடுத்தர வகுப்பாரின் பாலுறவுப் பழக்கங்களைப் பற்றிச் சமூகவியலாளர் குர்யே எழுதியதோ 1938-இல். மேனாட்டிலிருந்து உண்மையாகவே வந்திறங்கியது 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு. வயதுவந்தோர் இருவர் மனமொத்துத் தனிமையில் கொள்ளும் உறவு அதனால் குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் கூறுவதற்கு 2018 வரை செல்லவேண்டியிருந்தது.

ஆதாரமில்லை என்பதே அவர்கள் பெரிதும் நம்பும் ஆயுதம். ஆதலின் அதனைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். யாரை யார் விரும்பலாம், எப்போது சேரலாம், எத்தனை காலம் பிரிந்திருக்க வேண்டும், சேராதவர்க்கு என்ன ஸ்தானம் என்பனவற்றை ஒரு சமுதாயம் எங்ஙனம் நிர்ணயிக்கிறது என்று கேட்பதே பாலியலின் சமூகவியலாகும். அதற்குப் பள்ளியறையை எட்டிப்பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. இக்கேள்விகளுக்குச் செட்டிநாட்டு வணிகரான நகரத்தார் ஏட்டிலும் கட்டடத்திலும் விடை வைத்திருக்கின்றனர். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி என்று தொடரும் ஒன்பது நகரக் கோயில்களின் பிரிவும் உட்பிரிவும் பார்த்தே பெண் கொள்வது அவர்கள் நியதி; மணவீட்டில் இரு தரப்பாரின் சம்மதமும் இசைகுடிமானமாக எழுதப்படுகிறது; மணமான தம்பதியரையே கோயில் ஒரு புள்ளியாகக் கணக்கிடுகிறது. ஆகவே மணமாகாத ஆண்மகன் எத்துணைச் செல்வனாயினும் புள்ளியாகான். விருப்பம் திருமணத்தை நோக்கிச் செல்லாத ஒருவருக்கு இச்சமுதாயத்தில் இடம் யாது என்னும் கடினமான வினா, எவர் வாயையும் கிளறாமல் அந்தப் புள்ளிக் கணக்கிலிருந்தே எழுகிறது.

வீட்டையும் அவ்வாறே படிக்கலாம். வளவு என்னும் உள்முற்றத்தைச் சூழ்ந்த அறைகளுள் மணமான மகன் ஒவ்வொருவனுக்கும் ஒன்று உரியது. மனைவி கொணர்ந்த சீர்ப்பொருளும் தம்பதியரின் தனிமையும் அந்த ஓர் அறைக்குள் அடங்கவேண்டும். பின்னர் வேறு வைத்தபொழுது உலை தனியாகும், கூரை தனியாகாது. விருந்துக்கும் சடங்குக்கும் இத்துணை விசாலமான கூடங்களைக் கட்டியவர்கள் இருவரின் தனிமைக்கு இத்துணைச் சிறிய இடத்தை ஒதுக்கியது ஏன் என்பது தனியே ஓர் ஆய்வுக்குப் போதும்.

இவையனைத்தினும் செழுமையானது பிரிவு. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிக்க, அதாவது வாணிகம் செய்ய, சென்றவர்கள் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணையில் சென்றனர். மனைவியர் ஊரிலேயே இருந்தனர். பொருள்வயிற் பிரிவைப் பேசும் தொல்காப்பியம் கடற்பயணத்தில் மகளிரை உடன்கொண்டு செல்லும் வழக்கமில்லை என்று கூறியிருப்பதை இங்கே நினைப்பூட்டாமல் இருக்க முடியவில்லை. இரண்டுக்கும் நேர்த்தொடர்ச்சி உண்டென்று நான் சாதிக்கவில்லை. ஆனால் இளந்தம்பதியரின் சேர்க்கையைப் கடைப் பெட்டியடிக் கணக்கின் தவணை நிர்ணயித்த ஒரு சமுதாயத்தில், பாலியல் ஆய்வுக்கு விஷயமில்லை என்பதை எவ்வாறு ஒப்புவது?

அச்சுச் சான்றுகளும் அருகிலேயே பிறந்தன. சொ. முருகப்பாவும் கைம்பெண்ணாயிருந்து அவரை மணந்த மரகதவல்லியும் 1930-களில் காரைக்குடியிலிருந்தே 'மாதர் மறுமணம்' என்னும் மாத இதழை நடத்தினர். கானாடுகாத்தானுக்குச் சில கல் தொலைவிலுள்ள கோட்டையூரில் ரோஜா முத்தையா, நூல்களோடும் பத்திரிகைகளோடும் நில்லாமல், அழைப்பிதழ்களையும் நாடக நோட்டீசுகளையும் பாதுகாத்தார். 1992-இல் அவர் மறைந்தபின் அச்சேகரத்தைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கிச் சென்னையிலேயே நூலகமாக்கியது. நம் பண்டிதர்கள் இல்லையென்ற ஆதாரத்தைக் கடலுக்கு அப்பாலுள்ளோர் விலைகொடுத்து வாங்கினர்.

வாய்திறப்பாரில்லை என்பதற்கு நீண்ட மறுமொழி வேண்டுவதில்லை. யூகோ நிஷிமுரா என்னும் ஜப்பானியப் பெண்மணி நகரத்தார் மகளிரின் உறவுமுறையையும் சொத்துரிமையையும் ஆராய்ந்து எழுதிய நூல் 1998-இல் வெளிவந்தது. அயல்நாட்டார்க்குத் திறந்த வாய் நம் வீட்டுப் பெண்பிள்ளைக்குத் திறவாதெனின், குறை கேட்கும் முறையிலே இருத்தல் வேண்டும். ஆச்சியின் முன் வினாப்பட்டியலை நீட்டினால் மௌனமே கிடைக்கும், "அப்பச்சி ரங்கூனுக்குப் போனபோது உங்களுக்கு என்ன வயது, ஆச்சி?" என்று கேட்டுவிட்டு இருந்தால் பிற்பகல் முழுதும் பேச்சு வளரும். சம்மதம் பெறுவதும், பெயரையும் வீட்டடையாளத்தையும் மறைப்பதும் ஆய்வாளரின் முதற் கடமை. சிற்றூரில் விலாசம் பெயரைக்காட்டிலும் விரைவில் காட்டிக்கொடுக்கும்.

எஞ்சியது, குலத்துக்கு இழுக்கு என்னும் அச்சம். சென்றவர்கள் அக்கரையில் வேறு குடும்பம் வைத்திருந்தார்கள் என்னும் வம்பு ஊர்தோறும் உண்டு. அதனைச் சம்பவத்துக்குச் சான்றாகக் கொள்பவன் ஆராய்ச்சியாளனல்லன். ஊர் எதைப் பேசி எதை மறைத்தது என்பதற்கு மட்டுமே அது சான்று. இவ்வேறுபாட்டைக் காக்கும் கட்டுரையால் எக்குலத்துக்கும் பங்கமில்லை.

ஆகவே இவ்வாய்வை மேற்கொள்ளும் மாணவர்களே, "செட்டிநாட்டில் பாலியல்" என்று ஆகாயத்தை அளக்கும் தலைப்பை விடுங்கள். ஜப்பானியர் பர்மாவினுட் புகுந்த 1942 வரை என்று காலத்தையும், ஒரூர் என்று களத்தையும், தவணைப் பிரிவு என்று பொருளையும் வரையறுத்துக்கொள்ளுங்கள். ரோஜா முத்தையா நூலகம் இன்று தரமணியில் இருக்கிறது. வினாப்பட்டியல் எழுதுமுன் அங்கே போய் வாருங்கள்.